ஆடு தின்பதெல்லாம் பாலில் வருமா?



மத்ரஸா விடும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார்கள் கேட்கும் கேள்விகளில் பாதி மார்க்கத்தைப் பற்றியவை. மீதிப் பாதி வீட்டைப் பற்றியவை. அந்த இரண்டாம் பாதியில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "உஸ்தாத், வெள்ளாட்டுக்கு நல்ல தீனி கொடுத்தால் பாலும் நல்ல சத்தாக ஆகிவிடுமா? அந்தப் பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?" ஒரே மூச்சில் கேட்கப்படும் இவை உண்மையில் இரண்டு கேள்விகள். முதலாவதற்குப் பதில், பெருமளவு ஆம் என்பது. இரண்டாவதற்குப் பதில், இல்லை என்பது. முதல் கேள்வியின் 'ஆம்' இரண்டாவதையும் இழுத்துக்கொண்டு போய்விடுவதால்தான் சில வீடுகளில் குழந்தைகள் வெளுத்துச் சோர்ந்து போகின்றன. ஆதலின் இம்மாதம் இதைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முட்டத்துக் கலங்கரை விளக்கத்தையும் அதன் அடியில் உள்ள பாறைகளையும் காண வெளியூரிலிருந்து மக்கள் வருகிறார்கள். கடற்கரைக்குச் சற்று உள்ளே கிடக்கும் செம்மணல் தேரியையும் வியந்து பார்க்கிறார்கள். அந்த மணலில் பசு மேய்ந்து வயிறு நிரப்ப இயலாது. ஆனால் வெள்ளாடு வாழ்ந்துவிடும். பசு நாவினால் புல்லைச் சுருட்டி இழுக்கும் பிராணி. வெள்ளாடோ உதட்டினால் தேர்ந்தெடுத்துக் கிள்ளும் பிராணி. வேலியோரத்துப் பூவரசு, தென்னந்தோப்பின் அடியில் முளைத்த செடி கொடிகள், முள்ளுக்கு நடுவே நிற்கும் தளிர் என, பின்னங்கால்களில் எழுந்து நின்றுகூடத் தனக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்ளும். கரையை விட்டு மேற்காகவும் வடக்காகவும் போகப் போக அதன் தீனி மாறுகிறது. பிலாவிலை, மரச்சீனி இலை, வாழைச் சருகு, மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டத்துப் புல்... நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே இங்கே ஆண்டின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு பச்சை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆடு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பதற்கு அவர்கள் செடிகளுக்கு இட்ட பெயர்களே சான்று. ஆடு தொடாத இலையுடையது ஆடாதொடை. ஆடு தீண்டாதது ஆடுதீண்டாப்பாளை. கண்ட இலையையெல்லாம் கடிக்கும் பிராணி ஒன்றை ஒதுக்கினால் அதில் ஏதோ இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டார்கள். அது தின்னுகின்ற இலை பாலில் என்ன செய்கிறது என்பதைத்தான் பிற்கால விஞ்ஞானம் அளந்து சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளாட்டுப் பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு தண்ணீர். கொழுப்பு மூன்றரை முதல் நாலரை வரை. புரதம் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. பாலுக்குரிய இனிப்பாகிய லாக்டோஸ் நாலரை அளவில். மீதி உப்புச் சத்துகள். இவையனைத்தும் இரத்தத்தின் வழியாகத்தான் மடிக்கு வந்து சேருகின்றன. கால்நடைகளின் வயிற்றிலிருந்து பால் உருவாகி வரும் விதத்தைச் சிந்திக்கச் சொல்லும் வசனம் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:66) இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சிந்தித்தவர்கள் கண்ட கணக்கு வியப்பூட்டுவது. ஒரு லிட்டர் பால் சுரப்பதற்கு ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. ஆகவே ஆட்டின் தீனி பாலை மாற்ற வேண்டுமானால் முதலில் இரத்தத்தை மாற்ற வேண்டும். இரத்தத்தை மாற்றுவதற்கு முன் அது ஆட்டின் பெருவயிற்றைக் கடந்தாக வேண்டும்.

இங்கேதான் ஆடு நம்மிலிருந்து வேறுபடுகிறது. நாம் உண்ட சோறு நம் வயிற்றிலேயே செரித்து இரத்தத்தில் கலக்கிறது. ஆடு உண்டதோ முதலில் பெருவயிறு எனும் முதல் இரைப்பையில் போய் ஊறுகிறது. அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. ஆடு அசைபோட்டு மீண்டும் விழுங்க, மீண்டும் புளிக்கிறது. இவ்வாறு புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களையே ஆடு தன் உணவாகக் கொள்கிறது. இலை, தழை, வைக்கோல் போன்ற நார்த் தீனி புளித்தால் மிகுதியாக வருவது அசிட்டிக் அமிலம். காடியின் புளிப்பும் இதுவே. அரிசி, சோளம், கிழங்கு போன்ற மாவுத் தீனி புளித்தால் புரோப்பியானிக் அமிலம் கூடுதலாக வரும். இவ்விரண்டும் மடியில் இரு வேறு வேலைகளைச் செய்கின்றன. முன்னது பாலின் கொழுப்பாக மாறும். பின்னது கல்லீரலில் சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை மடியில் லாக்டோஸாகி, தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பாலின் அளவைக் கூட்டும்.

இதை முதலில் தெளிவாக்கித் தந்ததும் ஒரு வெள்ளாடுதான். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ஜார்ஜ் போப்யாக் என்பவரும் அவருடைய தோழர்களும், கதிரியக்கக் கரிமத்தால் அடையாளமிட்ட அசிட்டேட்டைப் பால் தரும் வெள்ளாட்டின் உடலில் செலுத்தினார்கள். பிறகு கறந்த பாலின் கொழுப்பில் அந்த அடையாளத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1951-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. தழையின் நார் பெருவயிற்றில் புளிப்பாகி, புளிப்பு மடியில் நெய்யாகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இனி இதை நம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு வருவோம். நல்ல மழைக்காலத்தில் ஆடு வெளியே போக மறுக்கும். மழைத்துளி அதற்குப் பகை. கொட்டிலில் கட்டிக் கிடக்கும் ஆட்டுக்கு அடுப்படியில் மிஞ்சிய கஞ்சியையும் சோற்றையும் கிழங்குத் தோலையும் வைத்துவிடுகிறோம். இரண்டு நாளில் பாலில் ஆடை மெலிந்து போவதைக் காணலாம். "தண்ணீர்ப் பாலாக இருக்கிறது" என்று ஆட்டைக் குறை சொல்கிறோம். ஆடு வஞ்சனை செய்யவில்லை. நார் குறைந்தது; நெய் குறைந்தது; அவ்வளவே! மழை விட்டதும் முளைக்கும் இளம்புல்லும் இத்தகையதே. நீர் மிகுந்து நார் குறைந்த அந்தப் புல்லை மட்டும் வயிறு நிறையத் தின்ற ஆட்டின் பாலும் சில நாட்கள் மெலிந்துதான் இருக்கும். கூடவே ஒரு கட்டுப் பிலாவிலையோ காய்ந்த வைக்கோலோ கிடைக்குமானால் நிலை சீராகும். ஆடு ஒரு நாளில் தின்னும் தீனியில், தண்ணீர் நீங்கலாகக் கணக்கிட்டால், பாதிக்குக் குறையாமல் இலையும் தழையுமாக இருத்தல் வேண்டும். மேலதிகமாகக் கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 300 முதல் 400 கிராம் வரை தவிடும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் போதுமானது. எதை மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக அவ்வளவு காலம் பிடிக்கும்.

சோறு பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். வலீமா விருந்து முடிந்ததும், பெருநாள் கழிந்ததும் மிஞ்சிய நெய்ச்சோற்றை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் அண்டாவோடு ஆட்டின் முன் வைப்பவர்கள் உண்டு. ஆடும் ஆவலோடு தின்னும். மாவுச் சத்து அத்தனையும் ஒரே நேரத்தில் புளிக்க, லாக்டிக் அமிலம் பெருகி, பெருவயிறு தாங்க முடியாத புளிப்பாகிவிடும். அடுத்த நாள் ஆடு தலை தொங்கி நிற்கும், வயிறு உப்பும், கழிச்சல் காணும், பால் நின்றுபோகும். ஓரிரு நாளில் இறந்துபோவதும் உண்டு. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டுவது முதலுதவியே தவிர மருத்துவமாகாது. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். வீணாகக் கூடாது என்று நினைத்த சோறு ஓர் ஆட்டையே வீணாக்கிவிடுகிறது. மிஞ்சிய சோறு அண்டை வீட்டுக்குப் போகட்டும். ஆட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

பாலின் கொழுப்பைக் கூட்ட இன்னொரு வழியும் உண்டு. அது பிண்ணாக்கு. இவ்விஷயத்தில் வெள்ளாடு பசுவைப் போன்றதன்று. பசுவுக்கு எண்ணெய் மிகுந்த தீனியைக் கொடுத்தால் பல வேளைகளில் பாலின் கொழுப்பு குறைவதே கண்ட அனுபவம். வெள்ளாட்டுக்கோ எண்ணெய்ச் சத்துள்ள தீனியைக் கொடுத்தால் பாலில் கொழுப்பு ஏறக்குறைய எப்போதும் கூடவே செய்கிறது. பிரான்ஸ் நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஈவ் ஷில்லியார் என்பவர் தம் குழுவினருடன் பல ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். வெள்ளாட்டுப் பாலில் பாலாடைக்கட்டி செய்து உலகெங்கும் விற்கும் நாடு அது. அவர்கள் ஆட்டின் வயிற்றை ஆராய்வதில் ஆச்சரியமில்லை. தென்னை வளரும் நம் நாட்டில் தேங்காய்ப் பிண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெய் சற்றுக் கூடுதலாகவே தங்கியிருக்கும். புரதம் நூற்றுக்கு இருபதை ஒட்டி இருக்கும். கடலைப் பிண்ணாக்கில் அதைப்போல் இருமடங்கு புரதம் உண்டு. ஆனால் பிண்ணாக்கில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளாட்டுப் பாலுக்கென்று ஒரு வாடை உண்டல்லவா? சிலர் அதற்காகவே முகம் சுளிப்பர். அவ்வாடைக்குக் காரணமான கொழுப்பு அமிலங்களில் மூன்றுக்கு ஆட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். இலத்தீன் மொழியில் காப்ரா என்றால் வெள்ளாடு. காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் என்று அவை பெயர் பெற்றன. அவற்றில் இரண்டைச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ஷெவ்ரல் கண்டறிந்தார். பசும்பாலின் கொழுப்பில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அளவு வெள்ளாட்டுப் பாலில் இவை உண்டு. இது பிறவிக் குணம். தீனியால் சிறிது கூட்டவோ குறைக்கவோ முடியுமே தவிர நீக்க முடியாது. மேலே வந்து சேரும் நாற்றங்கள் வேறு. கறக்கும் நேரத்தில் கிடாவை அருகில் கட்டியிருப்பதும், வெங்காயத் தாளையும் பூண்டுத் தோலையும் தின்னக் கொடுப்பதும் பாலில் தெரிந்துவிடும். இவ்வகைத் தீனியைக் கறப்பதற்கு முன் கொடாமல், கறந்த பிறகு கொடுத்தால் போதும். அடுத்த வேளைக்குள் வாடை அடங்கிவிடும்.

தீனியால் மாறாதவை எவை? லாக்டோஸ் அசையாது. அது குறைந்தால் பாலின் அளவு குறையுமேயன்றி ஒரு குவளைப் பாலில் அதன் விகிதம் மாறாது. புரதம் சிறிதளவே அசையும். ஆடு பட்டினி கிடந்தால் சற்றுக் குறையும். வயிறாரத் தின்றால் சற்றுக் கூடும். சுண்ணாம்புச் சத்தோ தீனியில் இல்லாவிட்டாலும் பாலில் குறையாது. "அப்படியானால் நல்லதுதானே!" என்று எண்ணிவிடாதீர்கள். தீனியில் கிடைக்காத சுண்ணாம்பை ஆடு தன் எலும்பிலிருந்து கரைத்து எடுத்துப் பாலில் வைக்கிறது. குட்டி ஈன்ற புதிதில், எவ்வளவு தின்றாலும் கறவைக்குப் போதாத நிலையில், தன் உடற்கொழுப்பையும் இவ்வாறே கரைக்கும். அப்போது பாலில் ஆடை திரண்டு நிற்கும். ஆடு எலும்பும் தோலுமாக நிற்கும். ஆடையைப் பார்த்து மகிழ்பவர்கள் ஆட்டின் முதுகையும் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாமல் மாறுபவை சில உண்டு. அவற்றில் முதன்மையானது அயோடின். தீனியில் எவ்வளவோ அதற்கேற்பப் பாலில் அது ஏறும், இறங்கும். இங்கே நம் மரச்சீனியைப் பற்றிப் பேசியாக வேண்டும். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில் (1880-1885) ஊக்கமளித்துப் பரப்பிய பயிர் இது. 1956-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் கிழங்கு நம் சமையலறையை விட்டுப் போகவில்லை. மரச்சீனியின் இலையிலும் தோலிலும் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் உண்டு. பச்சை இலையை வயிறு நிறையத் தின்ற ஆடு துடித்து விழுந்து இறப்பதைக் கிராமத்தார் அறிவர். சாகாத அளவு தின்ற ஆட்டின் உடலில் அந்த நஞ்சு தயோசயனேட்டாக மாறுகிறது. அது தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகும் வழியை மறிக்கும். 2003-இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வொன்று, பால் கொடுக்கும் ஆடுகளுக்குக் கொடுத்த சயனைடும் அதிலிருந்து உண்டான தயோசயனேட்டும் பாலின் வழியாகக் குட்டிகளைச் சென்றடைவதைக் காட்டியது. மரச்சீனி இலையை விலக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். அது புரதம் மிகுந்த தழை. நறுக்கி வெயிலில் உலர்த்திக் கொடுத்தால் நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ரப்பர் விதைப் பிண்ணாக்கிலும் இதே வகை நஞ்சு உண்டென்பதால் மலையடிவாரத்து வீட்டார் அளவறிந்து கொடுக்க வேண்டும்.

சூபாபுல் தழையும் தைராய்டைத் தாக்கும் வகையைச் சேர்ந்ததே. அதன் மைமோசின் என்ற பொருள் ஆஸ்திரேலிய நாட்டுக் கால்நடைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் முடி உதிர்ந்து மெலிந்தன. ஆனால் ஹவாய்த் தீவின் வெள்ளாடுகள் அதையே தின்று நலமாக இருந்தன! ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 1980-களில் இதை ஆராய்ந்து, அந்த ஆடுகளின் பெருவயிற்றிலிருந்த நுண்ணுயிரே நச்சை முறிக்கிறது எனக் கண்டார். அந்த நுண்ணுயிருக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. நம் வீட்டு ஆட்டின் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நம்மால் இயலாது. ஆகவே சூபாபுல் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். அகத்தி, கல்யாண முருங்கை, பிலாவிலை ஆகியவற்றோடு கலந்து கொடுப்பதே நன்று.

வெள்ளாட்டுப் பால் தூய வெண்மையாக இருப்பதேன், பசும்பால் மட்டும் இலேசான மஞ்சள் காட்டுவதேன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பச்சிலையிலுள்ள மஞ்சள் நிறப் பொருளாகிய கரோட்டினை வெள்ளாடு ஏறக்குறைய முழுவதுமாக வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுகிறது. பசு அதில் ஒரு பகுதியை அப்படியே பாலில் விட்டுவிடுகிறது. ஆக, பச்சை தின்னும் ஆட்டின் வெள்ளைப் பாலில் கண்பார்வைக்கு வேண்டிய வைட்டமின் மறைந்திருக்கிறது. காய்ந்த வைக்கோலே கதியென்று கிடந்த ஆட்டின் பாலில் அது குறையும். இதுவரை சொன்னவையெல்லாம், நல்ல தீனி கொடுத்தால் நல்ல பால் என்ற உங்கள் நம்பிக்கைக்கு வலு சேர்ப்பவையே.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். எந்தப் பெண்களுக்கு இந்நோய் மிகுதி என்று ஆராய்ந்தபோது, மிக எளிய உணவு உண்ட ஏழை முஸ்லிம் பெண்களே முன்னணியில் நின்றதை அவர் கண்டார். நம் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆய்வு தொடர்ந்தது. மார்மைட் எனும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அப்பெண்கள் தேறுவதை 1931-இல் அவர் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் இன்னதென்று அப்போது தெரியாது. 1941-இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு இலத்தீனில் ஃபோலியம் என்று பெயர். ஆகவே ஃபோலிக் அமிலம் என்றழைத்தார்கள். கருவுற்ற பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இதுதான். புதிய இரத்த அணுக்கள் உருவாக இது இன்றியமையாதது.

நாள் முழுதும் இலையையே தின்னும் வெள்ளாட்டின் பாலில் இந்த இலைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. பசும்பாலிலும் தாய்ப்பாலிலும் 100 கிராமுக்குச் சுமார் 5 மைக்ரோகிராம் இருக்கும்போது, வெள்ளாட்டுப் பாலில் சுமார் 1 மைக்ரோகிராமே உள்ளது. அகத்தியைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் இக்குறை நீங்காது. ஆட்டின் உடம்பு இச்சத்தைத் தனக்கு வைத்துக்கொள்கிறது. மடி அதைப் பாலுக்குள் விடுவதில்லை. வைட்டமின் பி12-உம் இப்பாலில் குறைவுதான். ஐரோப்பாவில் 1920-களிலேயே, வெள்ளாட்டுப் பாலை மட்டும் குடித்து வளர்ந்த கைக்குழந்தைகளுக்கு ஒருவகை இரத்தசோகை வருவதை மருத்துவர்கள் கண்டு, 'ஆட்டுப்பால் சோகை' என்றே அதற்குப் பெயரிட்டார்கள்.

ஆகையால் சகோதரிகளே, "ஆட்டுப்பால்தான் தாய்ப்பாலுக்கு நெருக்கமானது" என்று யார் சொன்னாலும், எவ்வளவு மூத்தவர் சொன்னாலும், ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு அதை முழு உணவாகக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள புரதமும் உப்பும் பச்சிளங்குழந்தையின் சிறுநீரகத்துக்கு மிகை. இலைச்சத்தோ மிகக் குறை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு குழைத்த உணவோடு தாய்ப்பாலைத் தொடரலாம். இரண்டாண்டுப் பாலூட்டல் நம் வீடுகளுக்குப் புதிய செய்தியன்று. தாய்க்குப் பால் போதவில்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள், கொட்டிலுக்குப் போகாதீர்கள். ஆட்டுப்பாலிலிருந்து செய்து கடைகளில் விற்கும் குழந்தை உணவு மாவில் ஃபோலிக் அமிலத்தைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். அது வேறு, நாம் கறக்கும் பால் வேறு. பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுவதும் சரியன்று. இரண்டின் புரதங்களும் நெருங்கிய உறவுடையவை. பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதுவும் ஒவ்வாது. ஒரு வயது கடந்து, கீரையும் பருப்பும் முட்டையும் உண்ணத் தொடங்கிய பிள்ளை ஆட்டுப்பால் குடிப்பதில் தடையேதுமில்லை. அதன் கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை. வயது முதிர்ந்தவர்களுக்கும் எளிதில் செரிக்கும் என்பதே பலரின் அனுபவம்.

யார் குடித்தாலும் காய்ச்சிக் குடிக்க வேண்டும். மால்டா தீவிலிருந்த ஆங்கிலப் படைவீரர்களை நெடுங்காலம் வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டார். அது வெள்ளாட்டுப் பாலில் வருகிறது என்பதை அத்தீவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டக்ளிஸ் ஸம்மித் 1905-இல் கண்டுபிடித்தார். நம் நாட்டுக் கால்நடைகளிலும் இந்நோய் உண்டு. கறந்த சூட்டோடு பச்சைப் பாலைக் குடிப்பது பலம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். பொங்கக் காய்ச்சினால் அந்தக் கிருமி இறந்துவிடும்.

காய்ச்சினாலும் போகாத ஒன்று உண்டு. பிண்ணாக்கைப் பற்றிப் பின்னர் சொல்வதாகச் சொன்னேனே, அது இதுதான். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது. நாட்பட்டால் புற்றுநோய்க்கும் வழி வகுக்கும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற ஆட்டின் பாலில் ஒரே நாளுக்குள் அதன் ஒரு பங்கு சற்று மாறிய வடிவில் வந்துவிடுகிறது. இந்தியாவில் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாதென்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் வரம்பு. எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள்! அடுப்பின் சூடு அதை அழிப்பதில்லை. கெட்ட பிண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். ஆகவே மருந்து அடுப்பிலன்று, சாக்கு மூட்டையில் இருக்கிறது.

முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. ஜூன், ஜூலை மழையில் சுவரே வியர்க்கும். அம்மாதங்களில் பிண்ணாக்கை மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சாக்கைத் தரையில் வைக்காமல், சுவரிலும் சாய்க்காமல், பலகையின் மேல் வையுங்கள். கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சையோ மஞ்சளோ கருமையோ படர்ந்திருந்தால், முக்கல் வாடை வந்தால், அந்தப் பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பூஞ்சை தெரியாத இடத்திலும் நஞ்சு இருக்கும். வெயில் அதைப் போக்காது. மூட்டையையே கழித்துவிடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.